மாத்திரைக்குப் பின் எடுத்த ரத்தம்

நீல மூடி போட்ட ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, காலை பத்து மணிக்கு அக்கா ஆய்வகத்துக்குள் நுழைவார். பொம்மசந்திராவிலுள்ள இந்த ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே அந்தப் பெட்டியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா; பிரேசர் டவுன்காரர். மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து வருவது அவர் வேலை. அதைச் சோதிப்பது என் வேலை. எம்.எஸ்ஸி.யில் தங்கப் பதக்கம் வாங்கியவள் நான், நல்ல பெயரெல்லாம் அவருக்கு. டைரக்டர்கூட அவரோடு உட்கார்ந்துதான் காபி குடிப்பார்.

லூபஸ் நோய் சிறுநீரகத்தை எப்படிக் கெடுக்கிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. உடம்பில் வைரஸ் நுழைந்தால் செல்கள் ஒன்றுக்கொன்று எச்சரிக்கை அனுப்பும். இன்டர்ஃபெரான் அப்படியொரு எச்சரிக்கை. லூபஸில் எதிரியே இல்லாமல் அது ஓயாமல் கத்தும். கேட்டு ஓடிவரும் பாதுகாப்புப் படை சொந்தச் சிறுநீரகத்தையே தாக்கும். அந்தக் கத்தல் எவ்வளவு என்று ரத்தத்தில் அளப்பேன். ஸ்டீராய்டு மாத்திரை அதை மட்டுப்படுத்திவிடும். ஆகவே காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுக்க வேண்டும் என்பது விதி.

ஒருநாள், ஓசூரிலிருந்து பஸ்ஸில் வெறும் வயிற்றோடு வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி மயங்கிச் சரிந்திருக்கிறாள். அக்கா அவளுக்கு பிஸ்கட் கொடுத்து, மாத்திரையும் போட வைத்து, தெளிந்த பிறகே ரத்தம் எடுத்திருக்கிறார். மறைக்கவில்லை. நடந்ததைச் சீட்டில் எழுதி டியூபோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். நான் படித்தேன். கிழித்துக் குப்பையில் போட்டேன்.

அவள் ரத்தத்தில் அளவு ஏன் இப்படிக் குறைந்தது என்று கூட்டத்தில் டைரக்டர் கேட்டார். “மாத்திரை போட்டதுக்கு அப்புறம் எடுத்திருப்பாங்கன்னு தோணுது சார். எழுதியும் வைக்கல” என்றேன். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். “ஆமா சார், அப்புறம்தான் எடுத்தேன்” என்று மட்டும் சொன்னார். சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடித்துப் பேசியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுவாரம் அவரை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். ரத்தம் எடுக்கப் பயிற்சி கொடுத்து என்னை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, போங்கள்.

இப்போது நான்தான் போகிறேன். நோயாளிகளுக்கு நான் மேடம்; அவர் இன்னமும் அக்கா. போன வாரம் அதே ஓசூர்ப் பெண் வந்திருந்தாள். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டேன்.

“இல்ல மேடம். நேத்து சாயங்காலமே அக்கா போன் பண்ணி ஞாபகப்படுத்திட்டாங்க. நீங்க எது கேட்டாலும் மறைக்கக் கூடாதுன்னாங்க. நீங்க பாக்குற கணக்கு தப்பினா எல்லாமே தப்பிடுமாம். அவ்ளோ பெரிய வேலையாமே உங்களுது?”

குனிந்து நரம்பைத் தேடினேன். ஊசி இரண்டு முறை தவறியது. அக்கா இருந்தால் ஒரே குத்துதான் என்று அந்தப் பெண் சொல்லிவிடுவாளோ எனப் பயந்தேன். அவளோ அடுத்த கையை நீட்டினாள். பொறுத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பியதும் அக்காவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். சீட்டைக் கிழித்தவள் நான். அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது.