திருஷ்டி பொம்மைக்கு மூக்குத்தி

கேஸ் சிலிண்டரில் யாராவது மயில் வரைவார்களா? எங்கள் அம்மா வரைந்தாள். அடுப்படி மூலையில் நின்ற சிலிண்டரைச் சுற்றிச் சுற்றி உட்கார்ந்து, தோகையை விரித்து, தோகையில் இருக்கிற கண்ணுக்கெல்லாம் நீலம் வைத்து, ஒரு மதியம் முழுக்க வரைந்தாள். அடுத்த வாரமே கேஸ் தீர்ந்தது. வண்டிக்காரர் மயிலைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். பதிலுக்குத் துருப்பிடித்த ஒன்றை வைத்துவிட்டுப் போனார். அம்மா அவர் பின்னாலேயே தெரு வரைக்கும் ஓடி, "அண்ணே, அதையே நிரப்பித் திருப்பிக் கொண்டாந்து தர முடியாதா?" என்று கேட்டாள். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

இப்படி ஒருத்திக்கு மகளாகப் பிறந்து, பூதலூருக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஒரு ஊரில் வளர்வது லேசுப்பட்ட காரியமில்லை. என் டிபன் டப்பாவில் கிளி. குடையில் மீன். மற்றப் பிள்ளைகள் குடையைத் தொலைத்தால் தொலைந்ததுதான், புதுக்குடை கிடைக்கும். என் குடையை எங்கே விட்டாலும் யாராவது ஒரு புண்ணியவான் வீடு தேடி வந்து கொடுத்துவிட்டுப் போவார்.

மதியச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்தால் ஊரிலுள்ள மற்ற அம்மாக்கள் படுப்பார்கள், இல்லை சீரியல் பார்ப்பார்கள். எங்கள் அம்மா பரணிலிருந்து பெயிண்ட் டப்பாக்களை இறக்குவாள். பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் அடித்து மிஞ்சிய சிவப்பு, நீலம், மஞ்சள். அதோடு அப்பாவின் டிராக்டர் டிரெய்லருக்கு அடித்த பச்சை. எதிலும் அரை டப்பாவுக்கு மேல் இருக்காது. அதை மண்ணெண்ணெய் ஊற்றிக் கரைத்து வைத்துக்கொண்டு, எதைப் பிடிக்கலாம் என்று வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையைக் கண்டால் என் ஜாமெட்ரி பாக்ஸைத் தூக்கி ஒளித்துவைப்பேன். அப்பா அவளுடைய இந்த வேலைக்கு வைத்திருந்த ஒரே பெயர் வெட்டி வேலை. "முடிஞ்சுதா உன் வெட்டி வேலை? டீ போடு" என்பார். அம்மாவுக்கு அது காதில் விழுந்த மாதிரியே இருக்காது. கையில் பிரஷ் இருக்கும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும், யாரைப் பார்த்தும் இல்லாத சிரிப்பு. அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

நான் ஐந்தாவது படித்தபோது பழைய ஓட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே அப்பா மாடி வீடு கட்ட ஆரம்பித்தார். தாழ்ப்பாள் போட்ட தனி அறை ஒன்று எனக்கு என்று சொல்லியிருந்தார்கள். அந்தத் தாழ்ப்பாளுக்காகவே நான் உயிரை வைத்திருந்தேன். சுவர் இடுப்பளவு எழும்பியதும் கொத்தனார், "ரோட்டோரமா இருக்கு, போறவன் வர்றவன் கண்ணெல்லாம் படும். ஒரு திருஷ்டி பொம்மை கட்டுங்க" என்றார். அப்பா தன் பழைய கட்டம்போட்ட சட்டையிலும் கைலியிலும் வைக்கோலைத் திணித்து உடம்பைக் கட்டிவிட்டார். தலைக்கு ஒரு மண்பானை. முட்டைக்கண்ணும் கோரைப்பல்லும் தொங்குகிற நாக்குமாக ஒரு மூஞ்சி வரைய வேண்டியதுதான் பாக்கி. அதற்குப் போய் அம்மாவிடம் கொடுத்தார் பாருங்கள், அங்கேதான் தப்பு நடந்தது.

அம்மா முதலில் கண்ணை வரைந்தாள். கண் நன்றாக வந்துவிட்டது. அவ்வளவு நல்ல கண்ணுக்குக் கீழே அசிங்கமாக ஒரு மூக்கை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. மூக்கு வந்தது, மூக்குக்கு மூக்குத்தி வந்தது. நாக்கு எங்கே என்று நான் கேட்டதற்கு, "நாக்கத் தொங்கப் போட்டா பாவமா இருக்கும்டி" என்றாள். ஒரு புருவம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறி, முன்பல் இரண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி தெரிய வாய்விட்டுச் சிரிக்கிற ஒரு பொம்பளை அந்தப் பானையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கழுத்துக்குக் கீழே அப்பாவின் சட்டை, கைலி.

மூங்கிலில் கட்டித் தூக்கி நிறுத்திய அன்றிலிருந்து எங்கள் வாசலில் கூட்டம். நடவுக்குப் போகிற பெண்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் வயலில் இறங்கினார்கள். "திருஷ்டி பொம்மைக்கே சுத்திப் போடணும் போலருக்கே" என்றாள் ஒருத்தி. தஞ்சாவூர் பஸ் எங்கள் வீட்டருகே வந்ததும் மெதுவாகப் போனது. மணல் இறக்க வந்த லாரிக்காரர் பொம்மையைப் பார்த்துக்கொண்டே பின்னால் எடுத்து, செங்கல் அடுக்கை மொத்தமாகச் சாய்த்தார். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஊர்க்கண்ணு படக்கூடாதுன்னுதான பொம்ம வைக்கச் சொன்னேன்? நீ ஊரையே கூட்டி வச்சிருக்க!"

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. பால் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு நாள் அண்ணாந்து பார்த்து, "ஏண்டி, இது உங்க தஞ்சாவூரு நாத்தனாருல்ல?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் புருவம் அத்தையின் புருவம். அந்தப் பல்லும் அத்தையின் பல்தான், சாப்பிடும்போது பார்த்திருக்கிறேன்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். தஞ்சாவூரில் தனியாக இருந்தாள். மாமாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து, மாமரத்தில் பிஞ்சு விடுவதற்குள் கிளம்பிவிடுவார். பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் அத்தை முதலில் ஜன்னல் கட்டையில் விரலை இழுத்துத் தூசி பார்ப்பாள். பேசும்போது முந்தானை வாயை மறைத்தபடியே இருக்கும். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு அம்மா பயப்படுவாள், அப்பா அம்மாவைவிடப் பயப்படுவார். அவளைத்தான் கைலி கட்டி ரோட்டில் நிறுத்தி வைத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை வாசல் நிலை நிறுத்துவதாக இருந்தது. எங்கள் பக்கம் நிலைக்கு முதல் மஞ்சளும் குங்குமமும் அந்த வீட்டில் பிறந்த பெண்தான் வைக்க வேண்டும். அவள் கை படாமல் நிலை நிறுத்தினால் வீடு விளங்காது என்பார்கள். அத்தை இந்தப் பொம்மையைப் பார்த்தாளானால் எங்கள் கதி என்ன?

"உடனே ஏறி ஒரு மீசைய வை" என்றார் அப்பா. அம்மா பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். கொஞ்ச நேரம் நின்றாள். அப்படியே இறங்கி வந்தாள்.

"மீச வச்சா கெட்டுப் போயிருங்க."

"கெட்டுப் போவணும்னுதானடி வைக்கிறதே!"

பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டு அப்பாவே ஏறினார். பானைக்கு நேருக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு அவரும் நின்றார். பிறகு அவரும் இறங்கினார். "எங்க அக்கா மூஞ்சில நான் எப்படி மீச வரையிறது?" என்று எங்களிடமே கேட்டார். கடைசியில் ஒரு யூரியா சாக்கை எடுத்துப் பொம்மையின் தலையில் கவிழ்த்தார்கள். பார்க்கவே பயங்கரமாக இருந்தது. சரியான திருஷ்டி பொம்மையாக அது இருந்தது அந்தச் சில நாள்தான்.

ஆனால் பஸ்ஸில் போகிறவர்களுக்கு வாய் இல்லையா? சேதி தஞ்சாவூருக்குப் போய்விட்டது. அத்தை போன் செய்தாள். "நான் எதுக்குத் தம்பி வரணும்? உன் பொண்டாட்டி ஒண்ண நிறுத்தி வச்சிருக்காளாமே, அதையே மஞ்சள் வைக்கச் சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்பா அப்படியே மணல் மேல் உட்கார்ந்துவிட்டார். அத்தை வராமல் நிலை நிறுத்தமாட்டேன் என்று கொத்தனாரிடம் சொன்னார். அப்படியானால் பூதலூரில் வேறு வேலை இருக்கிறது, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன், திரும்பி வர எப்போதாகுமோ என்றார் கொத்தனார். அப்பா அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினார். நானும் நிறுத்தினேன். என் அறை, என் தாழ்ப்பாள், எல்லாம் ஒரு மாட்டுக்கொம்புப் பெயிண்டில் போச்சே! உலகத்தில் எத்தனையோ அம்மாக்கள் சும்மா இருக்கிறார்கள், எனக்கு வாய்த்தவளுக்கு மட்டும் ஏன் சும்மா இருக்கத் தெரியவில்லை என்று சாமியிடம் கேட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பஸ்ஸிலிருந்து அத்தை இறங்கினாள். யாரும் கூப்பிடவில்லை. தானாகத்தான் வந்தாள். எங்களில் யாரையும் பார்க்காமல் நேராகப் பொம்மையிடம் போய், கைலியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். பொம்மை சாய்ந்தது, சாக்கு கழன்று விழுந்தது. அத்தையும் அத்தையும் எதிரெதிரே.

அத்தை குனிந்து பானையைப் பார்த்தாள். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டேன். அவளிடம் பேசாமல் இருந்ததையெல்லாம் மறந்துவிட்டேன்.

"என் மூஞ்சிய எடுத்துத் தெருவுல நிறுத்தியிருக்கியா நீ?"

"சத்தியமா உங்கள நெனச்சு வரையல அண்ணி" என்றாள் அம்மா. "கண்ணத்தான் வரைஞ்சேன். மத்தது தானா வந்துருச்சு."

"பல்லு? பல்லுமா தானா வந்துச்சு?"

"நீங்க சிரிச்சா அப்படித்தான அண்ணி இருக்கும்."

"நான் எங்க சிரிச்சேன்? எப்ப நீ பாத்த?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, ஆனால் நிதானமாகச் சொன்னாள்.

"பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு பெயிண்ட் அடிச்சோமே. அந்தச் செவலக் கன்னுக்குட்டி ஓடியாந்து டப்பாவுல மூக்க வுட்டுட்டு, அப்படியே உங்க புடவையில தேச்சுது. நீங்க வையப் போறீங்கன்னு நெனச்சேன். நீங்க சிரிச்சீங்க. முந்தானைய எடுத்து மூடக்கூட இல்ல. இந்த ஒத்தப் புருவம் மட்டும் மேல போச்சு. அழகா இருந்தீங்க அண்ணி."

அத்தை முந்தானையால் வாயை மூடினாள். பிறகு முகம் முழுவதையும் மூடிக்கொண்டு செங்கல் மேல் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதாள். அப்பா பதறிப்போய், "அக்கா, நான் இப்பவே ஒடச்சுப் போட்டுர்றேன்க்கா" என்று கடப்பாரையைத் தேடினார். "தொட்ட, கைய ஒடச்சுருவேன்" என்றாள் அத்தை, முந்தானைக்குள்ளிருந்தே.

மறுநாள் அத்தை மஞ்சள் வைத்தாள், நிலை நின்றது. எல்லாம் முடிந்து கிளம்பும்போது பானையைக் கழற்றித் தரச் சொன்னாள். துண்டில் சுற்றி, வயர் கூடையில் வைத்து, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு போனாள். போகிற வழியில் ஏதாவது முச்சந்தியில் இறங்கிப் போட்டு உடைக்கத்தான் கொண்டுபோகிறாள் என்று நான் நினைத்தேன். திருஷ்டி கழிப்பதென்றால் அப்படித்தானே செய்வார்கள்? அப்பா கடையிலிருந்து நாக்கு தொங்குகிற ரப்பர் மூஞ்சி ஒன்றை வாங்கி வந்து கட்டினார். அம்மா அதை அண்ணாந்து பார்த்து, "கண்ணு சரியில்ல" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள். இவ்வளவு அமர்க்களத்துக்குப் பிறகும் அவள் முகத்தில் அதே சிரிப்பு. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அத்தையை அப்படி அழ வைத்துவிட்டு இவளுக்கு எப்படிச் சிரிக்க முடிகிறது என்று புரியவேயில்லை. அறை கிடைத்தது, தாழ்ப்பாளும் கிடைத்தது. தாழ்ப்பாளைச் சுற்றி ஒரே வாரத்தில் தாமரை பூத்தது.

இப்போது எனக்குத் தஞ்சாவூரில் வேலை. அம்மா வாட்ஸப்பில் தினமும் ஒரு படம் அனுப்புகிறாள். நேற்று வந்தது மோட்டார் கொட்டகைக் கதவு, கதவு நிறைய வாத்து. பதில் போடாவிட்டால் போன் செய்து, "பாத்தியா?" என்பாள். ஆபீஸில் மீட்டிங் நடந்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

மாமா போன வருஷம் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வந்துவிட்டார். பார்க்கப் போனேன். அவர் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். கூடத்தில் டிவிக்கு மேலே இருந்த பலகையில், பிரிமணை மேல், அந்தப் பானை இருந்தது. பெயிண்ட் ஒரு பொட்டு உதிரவில்லை. மூக்குத்தி மட்டும் புதிதாகப் பெயிண்ட் தொட்டு வைத்த மாதிரி பளிச்சென்றிருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்து அத்தை சிரித்தாள். முந்தானை தோளிலேயே கிடந்தது.

"வந்த அன்னிக்கே இதப் பாத்துட்டுக் கேட்டாரு உங்க மாமா. யாரு இது, எங்கியோ பாத்த மாதிரி இருக்கேன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க அத்த?"

"என்னத்தச் சொல்றது? தம்பி பொண்டாட்டி வரைஞ்சது, உங்களுக்குத் தெரியாத ஆளுன்னேன்."