உயரம் போதாதவர்கள்

மரக்காணம் உப்பளத்தருகே காரை நிறுத்தியிருக்கிறேன். பின்சீட்டில் மனைவி தூங்குகிறாள். இருபுறமும் என் மகளும் மகனும் அழுது ஓய்ந்து கிடக்கிறார்கள். சென்னைப் பக்கம் இருக்கும் பிரம்மாண்டமான தீம் பார்க்கில் நாள் முழுக்க மகிழ்ந்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்புகிறோம்.

மகிழ்ந்தது நான்தான். குழந்தைகளின் சொர்க்கம் என்று வாசலில் எழுதியிருந்தார்கள். உள்ளே ஒவ்வொரு ராட்டினத்தின் முன்னாலும் ஓர் அளவுகோலை நட்டு, உயரம் போதாது என்று அந்தக் குழந்தைகளையே திருப்பி அனுப்பினார்கள். டிக்கெட் வீணாகக் கூடாதே என்று எல்லாவற்றிலும் நானே ஏறித் தலைகீழாகத் தொங்கினேன். பிள்ளைகள் கீழே நின்று கையாட்டினார்கள். கேமராவில் பிலிம் ரோல் முழுக்க என் அலறல்தான்.

வெள்ளை வெளேரென்ற உப்பு மேட்டைப் பார்த்ததும் இருவரும் இறங்கி ஓடுகிறார்கள். அங்கே ஒரு பெண் உப்பைக் குவித்துக்கொண்டிருக்கிறார். மகன் நேராகப் போய், அவர் கையிலிருக்கும் உப்பு வாரும் பலகையின் நீளக் கம்பை ஒட்டி, குதிகாலை உயர்த்தி விறைப்பாக நிற்கிறான்.

"இன்னாடா கண்ணு பண்றே?"

"நான் ஏறலாமா?"

"செருப்பக் கழட்டிட்டு ஏறு. உப்பு மேல செருப்பு படக் கூடாது, அவ்ளோதான்."

செருப்புகள் பறக்கின்றன. இருவரும் ஏறுகிறார்கள், சறுக்குகிறார்கள், மறுபடி ஏறுகிறார்கள். நானும் என் செருப்பைக் கழற்றுகிறேன்.

அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்.

"நீங்க வாணாம் சார். மேடு சரிஞ்சிடும்."

கீழே நின்று கையாட்டுகிறேன்.