புழுவெட்டு ஒட்டிக்கொள்ளுமா?

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, என் தலையில் நாணயம் அளவுக்கு முடி கொட்டி வழுக்கை விழுந்தது. அந்த மாதமே மேலும் நான்கைந்து திட்டுகள்.

"புழுவெட்டு. கொழந்தைக்கு ஒட்டிக்கும்" என்று மாமியார் மகளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அடுத்த அறையில் அவள் பாலுக்கு அழுவாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுவேன். வெங்காயமும் மிளகும் அரைத்துத் தேய்த்ததில் தலை புண்ணானதுதான் மிச்சம்.

கடைசியில் என் கணவர் எங்கள் ஊர் வேங்கிக்காலிலிருந்து டவுனில் இருந்த தோல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். குழந்தையோடு மாமியாரும் வந்தார்.

"முடி போனா போவட்டுங்க. கொழந்தைய மட்டும் தூக்க வுடச் சொல்லுங்க" என்று டாக்டரம்மாவிடம் கதறினேன்.

"இதுல புழுவே இல்லம்மா. உன் ஒடம்பே முடி வேரைத் தாக்குது. யாருக்கும் ஒட்டாது" என்றவர், மாமியாரிடம் திரும்பினார். "கொழந்தைய அவகிட்ட குடுங்க. நான் ஊசி போடணும், தலையப் புடிச்சிக்குங்க."

மாமியார் தயங்கினார். பிறகு இரண்டு கைகளாலும் என் தலையைப் பிடித்துக்கொண்டார். திட்டுகளில் ஊசி இறங்கிய வலியைவிட, மடியில் மகளின் கனம்தான் எனக்கு நினைவிருக்கிறது.

முடி மெல்ல வளர்ந்தது. ஒரு திட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. இப்போது யாராவது தங்களுக்குப் புழுவெட்டு என்று ஒதுங்கி நின்றால், முதலில் அவர்கள் தலையைத் தொடுகிறேன். அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போகச் சொல்கிறேன்.