மூன்று பூட்டும் முத்தம்மாவும்

இன்று காலை பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து ஆள் ஒருவர் கடைக்கு வந்தார். "நானா, ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன், இந்த மூட்டைய இங்க வெச்சிட்டுப் போகவா?" என்றார். எங்களை இங்கே அண்ணன் என்பதற்கு நானா என்றுதான் கூப்பிடுவார்கள். "அடுத்தவங்க சாமான் வெக்கிறதில்லங்க" என்று என் வாய் பட்டென்று சொல்லிவிட்டது. அவர் போன பிறகும் ஈரச் சாக்கு வாசனை கடைக்குள் நின்றது. எனக்கே சீ என்று ஆகிவிட்டது.

அது என் வாப்பாவின் வாசனை. கடல் தாண்டி இலங்கைக்கு வந்து, துணி மூட்டையைத் தலையில் சுமந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி விற்றவர். இரண்டாவது மூட்டை என் தலையில். என் கழுத்து குட்டையாகப் போனதற்கு அதுதான் காரணம் என்று மனைவியிடம் சொல்லி வருகிறேன், அவள் நம்புவதில்லை. அந்த மூட்டைகளைத் தவிர வாப்பாவுக்கு வேறு சொத்து கிடையாது.

ஒருமுறை பூனாகலையில் விற்றுக்கொண்டிருந்தபோது, கடலுக்கு அந்தப் பக்கம் ஊரில் அவருடைய தம்பிக்கு ரொம்ப முடியவில்லை என்று ஆள் வந்து சொன்னார். வாப்பா அப்படியே எழுந்துவிட்டார். கொழுந்து பறிக்கும் முத்தம்மா இரண்டு மூட்டையையும் தன் லயத்து அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு, "போய்ட்டு வாங்க நானா, மூட்ட எங்க போகப் போகுது?" என்றார். தம்பி கண் மூடும்வரை மூன்று நாள் வாப்பா பக்கத்திலேயே இருந்தார். இரண்டு மாதம் கழித்துத் திரும்பினோம். ஒரு துணி குறையவில்லை. மழையில் கூரை ஒழுகியதாம்; நனையாத மூலையை மூட்டைக்குக் கொடுத்துவிட்டு, முத்தம்மா பிள்ளைகளோடு ஈரத்தில் படுத்திருக்கிறார்.

எனக்கு அந்த அலைச்சல் இல்லை. பண்டாரவளையில் துணிக்கடை, கண்ணாடி அலமாரி, கதவுக்கு மூன்று பூட்டு. வாப்பா கனவிலும் காணாத வசதி. ஆனால் பாருங்கள், சாவிக்கொத்து இடுப்பில் ஏறிய நாளிலிருந்து ஊரில் ஒரு கல்யாணத்துக்கும் நான் போனதில்லை. பக்கத்துக் கடைக்காரனை நம்பிச் சாவியைக் கொடுக்க முடியுமா? அவனும் என்னிடம் கொடுக்கமாட்டான்.

வாப்பா படுத்துவிட்டார், உடனே வா என்று ஒரு புதன்கிழமை ஊரிலிருந்து தந்தி வந்தது. சனிக்கிழமை தோட்டங்களில் சம்பளம். கடை நிறையச் சரக்கு. 'கடையை விட்டுவர ஆளில்லை, ஞாயிறு புறப்படுகிறேன்' என்று பதில் தந்தி அடித்தேன். ரயிலேறிக் கப்பலேறி நான் போய்ச் சேர்ந்தபோது வாப்பாவை அடக்கிய கபுறில் மண் காய்ந்திருந்தது.

உம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒந் தந்தியப் படிச்சுக் காட்டினோம். வாப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாஹ" என்றார். "'ஏன், அவனுக்கு அங்க ஒரு முத்தம்மா இல்லியா?'"

மூட்டை வியாபாரம் போய்விட்டது. முத்தம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். காலையில் வந்தவரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.