கம்பியோரத்தில் ஓர் இடம்

எங்கள் ஊரான பால்மரில் வெர்னன் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பின்னால் பிள்ளைகள் எத்தனை கத்தினாலும், பனியில் சக்கரம் வழுக்கினாலும், அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற கோடையில் உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள பழைய கேரவன் வண்டி ஒன்றை வாங்கி, மனைவி லோரெட்டாவுடன் கடலோர ஊரான சீவார்டுக்குக் கிளம்பினார். திமிங்கிலங்களையும் கடலில் வந்து முடியும் பனியாற்றையும் காட்டும் படகில் ஒரு தடவையாவது போக வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. உள்ளூர்க்காரர்களான நாங்கள் அதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு என்று விட்டுவிடுவோம்.

கேரவன்கள் நிற்கும் திடலில் பக்கத்து இடம் இங்காவுடையது. எழுபதைத் தாண்டியவர், ஆங்கரேஜ் நகரத்திலிருந்து தன் கேரவனைத் தனியாகவே ஓட்டி வந்திருந்தார். தண்ணீர்க் குழாய் ஒழுகியபோது லோரெட்டாவுக்கு ரப்பர் வளையம் கொடுத்தார். மறுநாள் மூவரும் ஒரே படகில் ஏறினார்கள்.

அன்று வெர்னனுக்கு எல்லாமே தாமதமாகத்தான் கிடைத்தது. திமிங்கிலம் எழும்பியபோது அவர் பார்த்தது மற்றவர்களின் முதுகை. நீர்நாய்கள் மல்லாந்து மிதந்தபோதும் அப்படித்தான். பொறுமையாகப் பின்னாலேயே நின்றார். பனியாற்றின் முன்னால் படகு என்ஜினை நிறுத்தியது. எங்கோ இடி போல ஒரு சத்தம். நீல நிறப் பனிச்சுவர் ஒன்று சாயத் தொடங்கியது.

"தள்ளுங்க!" என்று கத்தியபடி, முன்னால் நின்றவரை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டுக் கம்பியருகே போனார் வெர்னன். ஈரத் தளத்தில் யாரோ விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டது. கேட்டும், படத்தை எடுத்து முடித்த பிறகுதான் திரும்பினார்.

கீழே இங்கா, கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். லோரெட்டா கணவரை ஒரு முறை பார்த்தார். பிறகு இங்காவைத் தூக்கி உள்ளே கூட்டிப்போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். துறைமுகம் வரும்வரை வெர்னன் வெளியே சாரலில் நின்றார். உள்ளே இடம் இருந்தது.

மணிக்கட்டில் எலும்பு விரிசல் விட்டிருப்பதாக மருத்துவமனையில் சொன்னார்கள். இங்காவால் வண்டி ஓட்ட முடியாது.

"ஆங்கரேஜ் வரைக்கும் அவங்க வண்டிய நீ ஓட்டு. நான் நம்ம வண்டிய எடுத்துட்டுப் பின்னாடி வரேன்" என்றார் லோரெட்டா.

"என்கூட வருவாங்களா?"

"கேளு. தள்ளுங்கன்னு கத்த வாய் வந்துச்சுல்ல?"

கேட்டார். இங்கா சாவியை நீட்டினார். "ப்ரேக்க மெதுவாப் போடுங்க. அலமாரில கண்ணாடி டம்ளர் இருக்கு."

மறுநாள் காலை கிளம்பினார்கள்; மலைச் சாலையில் ஒரு டம்ளர்கூடக் குலுங்கவில்லை. வெகு தூரம் போன பிறகு வெர்னன் தொண்டையைச் செருமினார். "அம்மா, நேத்து நான்..."

"ரோட்டப் பாருங்க."

பிறகு இங்காவே கேட்டார். "நல்லா ஓட்டுறீங்களே. என்ன வேலை பாத்தீங்க?"

"லாரி" என்றார் வெர்னன். பள்ளிப் பேருந்து என்று சொல்ல நாக்கு எழவில்லை.

ஆங்கரேஜில் இங்காவின் மகன் டெல்மர் வாசலில் காத்திருந்தான். அம்மாவை இறக்கி உள்ளே அனுப்பிவிட்டு, வெர்னனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "ரொம்ப நன்றிங்க. இந்தக் காலத்துல யாரு இவ்வளவு தூரம் வர்றாங்க!"

வெர்னன் தலையசைத்துவிட்டுத் தெருவில் நின்ற தங்கள் கேரவனுக்கு வந்தார். கதவைத் திறந்தவர் ஏறவில்லை. திரும்பிப் போய் மணியை அடித்தார்.

"உங்கம்மாவத் தள்ளிவிட்டது நான்தான்."

"தெரியும்" என்றான் டெல்மர். "ஆஸ்பத்திரிலேர்ந்தே அம்மா போன்ல சொன்னாங்க."

"தெரிஞ்சுமா கை குடுத்தீங்க?"

"பத்திரமாக் கொண்டுவந்து சேத்தீங்க. அதுக்குக் குடுத்தேன். மத்தத நீங்க அம்மாகிட்டதான் பேசணும். இன்னைக்கு வேணாம்."

வீடு வரை லோரெட்டாதான் ஓட்டினார். வெர்னன் பக்கத்தில் உட்கார்ந்து, டெல்மர் குலுக்கிய அந்தக் கையை மடியில் வைத்து மூடிக்கொண்டே வந்தாராம்.

இங்காவுக்குக் கட்டுப் பிரித்த பிறகு ஒரு நாள் வெர்னன் மறுபடி ஆங்கரேஜ் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. காரிலிருந்து பார்த்த லோரெட்டா சொல்லித்தான் எனக்குத் தெரியும்: உள்ளே வாங்க என்று இங்கா கூப்பிடவில்லை. ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெர்னன் வாசலில் நனைந்தபடி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.