இரண்டுக்கும் பெயர் தார்தான்

சின்னதுரையின் கைக் கருப்பு எந்தச் சோப்புக்கும் போனதில்லை. கும்மிடிப்பூண்டியில் பீப்பாய்களில் தார் நிரப்பும் வேலை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் பிறந்தவன் வலையை விட்டுவிட்டுத் தாருக்குப் போனதை அண்ணன் மாரியப்பனால் பொறுக்க முடியவில்லை. ஊருக்குள் தம்பியைக் "கருப்புக் கையன்" என்றே சொல்வார். நேரில் பேச்சு கிடையாது.

சுனாமிக்கு அடுத்த வருடம், அண்ணன் பழைய மரப்படகைச் சீர்செய்து டீசல் மோட்டார் பூட்டுவதாகக் கேள்விப்பட்டான். கம்பெனியில் கேட்டு ஒரு பீப்பாய் தார் வாங்கி அனுப்பினான். அண்ணன் திருப்பி அனுப்பவில்லை; படகின் உள்ளும் புறமும் பூசிக்கொண்டார். அந்த வீட்டில் சமாதானம் என்றால் அவ்வளவுதான்.

விடிந்தால் படகு கடலுக்கு. அந்தப் பெருமையை ஆய்வகத்து ஞானம்மாவிடம் சொல்லப்போய் மாட்டிக்கொண்டான்.

"டீசல் மோட்டாரா? இன்னாண்ணா பண்ணி வெச்சிகீற! படகுக்குப் பூசறது நிலக்கரித் தாரு. இது கச்சா எண்ணெய்ல மிஞ்சின அடிமண்டி. பாக்கத்தான் ஒரே கருப்பு. உள்ள எண்ணெய்ல கெட்டித் துகளுங்க மெதக்குது, பிசின் அதச் சுத்திப் புடிச்சிக்கினு கீது. டீசல் ஒழுகிச்சின்னா புடி உட்டுப்பூடும். டீசலும் இதுவும் ஒரே சாதி, கலந்துக்கும்."

தொழிற்பேட்டையில் சாதி என்ற சொல்லை யாரும் நெளியாமல் சொல்லக்கூடிய ஒரே இடம் ஆய்வகம்தான். சின்னதுரை சிரிக்கவில்லை. அண்ணனிடம் சொன்னால் சமாதானம் போகும். சொல்லாவிட்டால், நடுக்கடலில் பலகை இடுக்கு திறந்து அண்ணனே போவார். அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினான்.

"வா தொர. உன் தாரு கண்ணாடி கணக்கா மின்னுது பாத்தியா?" என்றார் அண்ணன்.

பல வருடம் கழித்து வந்த முதல் பேச்சு. சின்னதுரை ஒரு துணியை டீசலில் நனைத்துப் படகின் உட்புறத்தில் தேய்த்தான். பூச்சு துணியோடு வந்தது. அடியில் மரம் தெரிந்தது.

அண்ணன் விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்பறம் எதுக்குடா குடுத்த?"

"தாருன்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சிட்டேண்ணா."

"இத்தினி வருசம் அங்க இன்னாதான் பண்ணிக்கினு இருந்த?" என்றாள் அண்ணி பச்சையம்மா.

"பீப்பா ரொப்பிக்கினு இருந்தேன் அண்ணி."

அண்ணன் டீசல் கேனை இழுத்து நடுவில் வைத்தார். "நாளைக்கும் லீவு சொல்லிடு. மொத்தமும் சொரண்டணும்."

இருட்டும்வரை இருவரும் சுரண்டினார்கள். டீ கொண்டுவந்த பச்சையம்மா, டம்ளரை நீட்டியவள் இருவர் கைகளையும் பார்த்து நின்றாள்.

"ஊட்டுக்கு இப்ப ரெண்டு கருப்புக் கையன்."

அண்ணன் மறுக்காமல் டீயை வாங்கிக்கொண்டார்.