கேட்டால்தான் சொல்ல வேண்டும்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை சிஐடி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் வெட்கமெல்லாம் கிடையாது, பெருமைதான். ஏன் இருக்கக் கூடாது? இருபத்திரண்டு வருஷம் துணிக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்று, வாங்க வந்தவர் யார், பொழுதைக் கழிக்க வந்தவர் யார் என்று வாசலிலேயே எடை போட்டவள். ஐம்பத்து மூன்று வயதில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

வேலை இதுதான். தங்கள் கடைகளில் வாடிக்கையாளரைச் சரியாக விசாரித்து மருந்து கொடுக்கிறார்களா என்று பார்க்க, மருந்துக் கடைக்காரர்களின் சங்கம் யாருக்கும் தெரியாமல் ஆள் அனுப்பும். போகிறவர் கையில் ஒரு கதை இருக்கும். "நல்ல வலி மாத்திரையா ஒண்ணு குடுங்க" என்று கேட்க வேண்டும். மாத்திரை அண்ணனுக்கு, அண்ணனுக்குச் சிறுநீரகக் கோளாறு. ஆனால் கடைக்காரர் கேட்டால்தான் அதைச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு முன் வாயைத் திறந்தால் சோதனையே பாழ். வெளியே வந்ததும் பத்து நிமிஷத்துக்குள் படிவத்தை நிரப்பிவிட வேண்டும். யாரையும் மாட்டிவிட இல்லை, யாருக்குப் பயிற்சி தேவை என்று தெரிந்துகொள்ளத்தான்.

புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தாலே போதும், எல்லாவற்றையும் உளறிக் கொட்டிவிடுவார்கள். நம் சிஐடி அக்கா நாற்பத்து மூன்று கடை ஏறி இறங்கியவள், ஒரு வார்த்தை உளறியதில்லை. ஒரு கடையில், இல்லாத அண்ணனுக்காகக் கண்கலங்கி, கடைக்காரர் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்த கதையும் உண்டு.

ஒவ்வொரு கதைக்கும் வீட்டில் ஒத்திகை நடக்கும். சாப்பாட்டு மேஜைதான் கவுண்டர், கணவர்தான் கடைக்காரர். அவருக்கு இதயத்தில் வால்வு மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது. ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. அதை விட்டாலும் ஆபத்து, அதோடு சேரக் கூடாத மருந்தைச் சேர்த்தால் உள்ளே ரத்தம் கசியும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவளும் அந்த விஷயத்தில் கண்ணும் கருத்துமாகத்தான் இருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மனிதர் பல்பு மாற்றுகிறேன் என்று ஸ்டூலில் ஏறி, இறங்கும்போது முழங்காலை முறுக்கிக்கொண்டார். வலியில் முகம் சுருங்கிவிட்டது.

"இருங்க, ஓடிப்போய் மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினாள்.

அவர்களைத் தெரிந்த கடை பூட்டியிருந்தது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று திறந்திருந்தார்கள். உள்ளே ஒரு கண்ணாடிக்காரப் பெண், தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு நின்றாள்.

"நல்ல வலி மாத்திரையா ஒண்ணு குடுங்க."

நாற்பத்து மூன்று தடவை சொன்ன அதே வாக்கியம். சொன்னதும் முதுகு தானாக நிமிர்ந்தது, வாய் தானாக மூடிக்கொண்டது. கேட்கட்டும் என்று காத்திருந்தாள். அந்தப் பெண் கேட்கவில்லை. "சாப்பிட்டதும் காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று அட்டையை நீட்டிவிட்டுப் போனுக்குத் திரும்பினாள். சிஐடி அக்கா இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுத்துப் பார்த்தாள். ம்ஹூம்.

வெளியே வந்து மனசுக்குள்ளேயே படிவத்தை நிரப்பினாள். யாருக்கு என்று கேட்கவில்லை. வேறு மருந்து உண்டா என்று கேட்கவில்லை. பத்துக்கு இரண்டு கொடுத்தாலே அதிகம். 'இந்தக் கடையை நம்ம பட்டியல்ல சேர்க்கச் சொல்லணும்' என்று பொருமிக்கொண்டே வீடு வந்து, மாத்திரையைக் கொடுத்து, தண்ணீரையும் கொடுத்தாள். அவர் விழுங்கினார்.

விழுங்கிவிட்டு வழக்கமான கிண்டலில் கடைக்காரர் குரலை எடுத்தார். "ஏம்மா, இது யாருக்கு?"

"வீட்டுக்காரருக்குங்க."

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?"

"ஆமாங்க, ரத்தம் உறையாம இருக்க தினமும்..."

அவருடைய கையில் டம்ளர் அப்படியே நின்றது. அவள் மாத்திரை அட்டையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

மருத்துவமனைக்குப் போன் போட்டாள். எடுத்த நர்ஸ் நிதானமாக விசாரித்தார். "ஒண்ணுதானே போட்டார்? இனிமே தொட வேண்டாம். உடனே கூட்டிட்டு வாங்க, ரத்தம் பார்த்துடலாம்." பிறகு கேட்டார்: "கடையில இந்த விஷயத்தைச் சொன்னீங்களாம்மா?"

அவங்க கேக்கலையே என்று நாக்கு நுனிவரை வந்தது.

"சொல்லல" என்றாள்.

ரத்தப் பரிசோதனையில் கெடுதல் ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது, "பலே நடிப்பு, நிஜமாவே மருந்து வாங்கப் போன இடத்திலயும் வாயைத் திறக்கலையே" என்று அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்து மூன்று கடைக்காரர்களுக்கு மதிப்பெண் போட்டவளுக்கு அன்று தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

ஆனால் கூச்சத்தைக் கட்டிக்கொண்டு மூலையில் உட்காருகிற ஆளும் அவள் இல்லை. திங்கட்கிழமை அந்தக் கடைக்கே போய், வேலை உட்பட நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கண்ணாடிக்காரப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நான் கேட்டிருக்கணும்மா. என் மேல எழுதிக் குடுக்கப் போறீங்களா?"

"குடுக்கறதா இருந்தா நம்ம ரெண்டு பேர் மேலயும்தான் குடுக்கணும்."

அந்தப் பெண் போனை அணைத்து ஓரமாக வைத்துவிட்டு, பேனாவைத் திறந்தாள். "சரி, சொல்லுங்க. அவருக்கு..."

அவள் கேட்டு முடிப்பதற்குள் சிஐடி அக்கா சொல்ல ஆரம்பித்திருந்தாள்.